இன்னும் ரெண்டு பேர் நிற்கலாம்

பன்னிரண்டாம் நம்பர் பஸ்ஸில் முப்பத்தோரு வருடம் கண்டக்டராக இருந்தவருக்கு ஊர் வைத்த பெயர் ‘உள்ளபோங்க’. பெற்றவர்கள் வைத்த பெயர் அடையாள அட்டையில் மட்டும் இருந்தது. காய்கறிக் கடைக்குப் போனால், “உள்ளபோங்க அண்ணனுக்கு முதல்ல குடுப்பா” என்பார்கள். அதற்காக அவர் ஒரு நாளும் கோபித்துக்கொண்டதில்லை; உள்ளுக்குள் பெருமை வேறு. பின்னே, சும்மாவா? ஐம்பத்திரண்டு சீட் உள்ள வண்டியில் நூற்றுப்பத்து பேரை ஏற்றி, ஒருத்தரைக்கூட ஸ்டாப்பில் விட்டுவிட்டுப் போகாத மனுஷர். “இன்னும் ரெண்டு பேர் நிக்கலாம், உள்ள போங்க, உள்ள போங்க” என்று அவர் குரல் கொடுத்தால் இல்லாத இடம் எங்கிருந்தோ முளைத்துவிடும்.

இப்பேர்ப்பட்டவரிடம் போய்க் கோழிக்கூடு கட்டும் பொறுப்பு வந்து சேர்ந்தது. விளங்குமா?

கோழிகள் அவருடையவை இல்லை, மனைவியுடையவை. அவள் நூல் மில்லில் வேலை பார்த்தவள். மில்லை மூடிப் பல வருடம் ஆன பிறகும் கை சும்மா இருக்கமாட்டேன் என்றது. நான்கு குஞ்சுகளை அட்டைப்பெட்டியில் வாங்கி வந்து, சமையலறை மூலையில் பல்பு வெளிச்சத்தில் வைத்து வளர்த்தாள். அதில் கறுப்புக் குஞ்சு ஒன்று நிற்கவே திராணியில்லாமல் இருந்தது. தண்ணீரை விரல் நுனியில் தொட்டுத் தொட்டு அதன் அலகில் விட்டு, “இது தேறாது” என்று சொன்னவர்களுக்கெல்லாம் காது கொடுக்காமல் அதைத் தேற்றிவிட்டாள். அவர் ஓய்வு பெற்று வீட்டோடு வந்து உட்கார்ந்தபோது நான்கும் வளர்ந்து கொல்லையில் மேய்ந்துகொண்டிருந்தன. பெயர் வைக்கும் உரிமையை மட்டும் அவர் கேட்டு வாங்கிக்கொண்டார். தண்ணித்தொட்டி, பள்ளிக்கூடம், ஆஸ்பத்திரி, மில்கேட். எல்லாம் பன்னிரண்டாம் நம்பரின் ஸ்டாப்புகள்.

“கோழிக்கு வைக்கிற பேரா இது? ‘ஆஸ்பத்திரி இன்னிக்கு முட்டை போடல’ன்னு சொன்னா கேக்கறவங்க என்னைத்தான் ஒரு மாதிரி பாப்பாங்க” என்று அவள் தலையில் அடித்துக்கொண்டாள். ஆனாலும் கறுப்புக் கோழிக்கு மில்கேட் என்று வைத்ததில் அவளுக்கு உள்ளூர ஒரு திருப்தி. அவள் வருஷக்கணக்காக இறங்கிய ஸ்டாப் அதுதான்.

கொல்லை ஒன்றும் பெரிதில்லை. இருபதடி நீளம், பதினைந்தடி அகலம். ஒரு பக்கம் எலுமிச்சை மரம். இன்னொரு பக்கம், வீட்டுச் சுவரை ஒட்டி, மேடாக சிமெண்ட் தளம் போட்ட தகர ஷெட். அந்த ஷெட் அவருடைய சொத்து. அவர் அதை ‘டிப்போ’ என்பார், அவள் ‘மியூசியம்’ என்பாள். அவர் ஓய்வு பெற்ற வருடமே பன்னிரண்டாம் நம்பரையும் ஓட்டத்திலிருந்து எடுத்துவிட்டார்கள். உடைக்கப் போகிறார்கள் என்று கேட்டதும் மனுஷருக்கு இருப்புக் கொள்ளவில்லை. அங்கே இங்கே கெஞ்சி, பின்வாசல் பக்கத்து கண்டக்டர் சீட், இரண்டு ஜன்னல், ஆட்கள் பிடித்து நிற்கும் நான்கு கம்பிகள், மணிக்கயிறு, நம்பர் பலகை எல்லாவற்றையும் வாங்கி வந்துவிட்டார். கம்பிகளைத் தரைக்கும் கூரைக்குமாக நட்டார். சீட்டை மூலையில் பொருத்தினார். தினமும் மத்தியானம் சாப்பிட்டதும் போய் அதில் உட்கார்ந்துகொள்வார்.

உட்கார்ந்தால் போதும், வண்டி கிளம்பிவிடும். மழை நாளில் ஜன்னல் தட்டிகளையெல்லாம் இறக்கிவிட்டால் உள்ளே ஒரே புழுக்கம், ஈரக்குடை வாசனை, எல்லோருடைய மூச்சும் ஒரே மூச்சு. முன்வாசலில் ஏறியவர் கொடுத்த காசு பதினைந்து கை மாறி இவரிடம் வரும். சில்லறையும் டிக்கெட்டும் அதே வழியே திரும்பிப் போகும், ஒரு பைசா குறையாது. யாரோ பெற்ற குழந்தை கூட்டத்துக்கு மேலே கைக்குக் கை தாண்டி வந்து இவர் மடியில் உட்கார்ந்து, தோல்பையைக் கடித்துக்கொண்டிருக்கும். “யோவ் உள்ளபோங்க, இன்னும் எங்கய்யா உள்ள போறது, இன்ஜினுக்குள்ளயா?” என்று ஒருவர் கத்த, பஸ்ஸே சிரிக்கும். அந்த நெருக்கத்தில் ஒரு சொந்தம் இருந்தது என்பது அவர் கட்சி. இந்தக் காலத்தில் ஆளுக்கொரு வண்டியில் ஆளுக்கொரு மூஞ்சியோடு போகிறார்களே, அதில் என்ன இருக்கிறது?

அவளையும் அந்த பஸ்ஸில்தான் பார்த்தார். தண்ணித்தொட்டியில் ஏறுவாள், மூன்றாவது கம்பியைப் பிடித்துக்கொண்டு நிற்பாள். சாயங்காலம் திரும்பும்போது தலைமுடியில் மில்லின் பஞ்சு ஒட்டியிருக்கும். அதைத் தட்டிவிட அவர் கை பரபரக்கும். நூறு பேர் நடுவில் எப்படி முடியும்? இரண்டு வருடம் பஞ்சையே பார்த்துக்கொண்டிருந்துவிட்டு, பெரியவர்களை அனுப்பிப் பெண் கேட்டார். கல்யாணத்துக்குப் பிறகும் அவள் அதே பஸ்ஸில்தான் வேலைக்குப் போனாள், டிக்கெட் எடுத்துக்கொண்டு. “கட்டின பொண்டாட்டிக்கே டிக்கெட் கிழிச்சவன் நான். ஒரு நாள் சீட் புடிச்சு வச்சிருப்பனா? கேட்டுப் பாருங்க அவளை” என்று அவர் யாரிடம்தான் சொன்னதில்லை! அவள் அப்போதெல்லாம் காபி ஆற்றிக்கொண்டிருப்பாள்.

சரி, கூட்டுக்கு வருவோம். நான்கு கோழிகளோடு இன்னும் இரண்டு சேர்ந்ததும் கூடு கட்டச் சொன்னாள். பழைய பலகைகளைக் கொண்டு ஐந்தடி நீளம், மூன்றடி அகலத்தில் ஒன்றை அடித்துக் கொடுத்தார். குறுக்கே ஒரே ஒரு கட்டை, கோழிகள் ஏறி உட்கார.

“இது போதுமாங்க?”

“தாராளம். கோழி என்ன, காலை நீட்டியா படுக்கப்போகுது? பன்னெண்டு நிக்கும் இதுல.”

வாய் முகூர்த்தம் என்பார்களே, அப்படி ஆகிவிட்டது. பக்கத்து வீட்டு நர்ஸம்மா மகளோடு இருக்க மாடி வீட்டுக்குப் போனார். அவருடைய நான்கு கோழிகளை யாரிடம் விடுவது என்று கண்ணைக் கசக்கினார். “ஏத்திவிடுங்க, இடம் இருக்கு” என்றார் இவர். மனைவியை ஒரு வார்த்தை கேட்கவில்லை. இரண்டு மாதம் கழித்துத் தெருமுனை போட்டோ ஸ்டூடியோக்காரர் மூன்றைக் கொண்டுவந்து நீட்டினார். அதற்கும் அதே பதில். பதின்மூன்று. ஸ்டாப் பெயர்கள் தீர்ந்துபோய், கடைசியில் வந்த சிவப்புக் கோழிக்குக் ‘கடைசி ஸ்டாப்’ என்று வைத்தார்.

“என்னங்க, ராத்திரிக்கு ஒண்ணு மேல ஒண்ணு ஏறி நிக்குதுங்க” என்றாள் அவள்.

“நெருங்கி இருந்தாத்தான் ஒத்துமை வரும். நீ பாரேன்.”

வெயில் இருந்தவரை வண்டி ஓடியது. பகலெல்லாம் கோழிகள் கொல்லையில் இருந்ததால் இட நெருக்கடி வெளியே தெரியவில்லை. அதற்குப் பிறகு மழை பிடித்துக்கொண்டது, ஒன்பது நாள், விட்டபாடில்லை. கொல்லை முழுவதும் முழங்கால் வரை சேறு. கோழிகளை வெளியே விட முடியாமல் கூட்டுக்குள்ளேயே அடைத்து வைத்தார்கள். சாரல் உள்ளே வராமல் இருக்க இவர் சுற்றிலும் பிளாஸ்டிக் ஷீட்டைக் கட்டி மூடினார், பஸ்ஸில் தட்டி இறக்கிய மாதிரி. மூன்றாம் நாள் கூட்டைத் திறந்தபோது மூக்கைத் துளைக்கும் நாற்றம், கண்ணே எரிந்தது. அடியில் போட்ட வைக்கோல் சொதசொதவென்று கிடந்தது. ஐந்தாம் நாள் மில்கேட்டின் வால் பக்கம் இறகே இல்லை. தோல் கிழிந்து ரத்தம். அது மூலையில் தலையை நுழைத்துக்கொண்டு, முதுகைக் காட்டி நின்றது. மற்றவை அந்த முதுகைக் கொத்திக்கொண்டிருந்தன.

அவள் கோழியை அள்ளி முந்தானையில் சுற்றி, சமையலறை மூலையில் கூடையில் வைத்தாள். குஞ்சாக இருந்தபோது பெட்டி வைத்த அதே மூலை.

இவர் உடனே விசாரணையில் இறங்கினார். கடைசி ஸ்டாப்பின் அலகில் ரத்தம் இருந்தது. “நான் பாக்காத ரவுடியா? இறக்கி விட்டா எல்லாம் அடங்கிடும்” என்று அதைத் தனியே ஒரு பெட்டியில் போட்டார். பஸ்ஸில் ஒரு குடிகாரன் தகராறு செய்தால் விசில் அடித்து நிறுத்தி இறக்கிவிடுவாரே, அந்தக் கணக்கு. மறுநாள் பார்த்தால் பள்ளிக்கூடம் கொத்திக்கொண்டிருந்தது. அதையும் இறக்கினார். அடுத்த நாள், வாயில்லாப்பூச்சி என்று பெயரெடுத்த தண்ணித்தொட்டி, நர்ஸம்மாவின் வெள்ளைக் கோழியின் கழுத்தைப் பிடித்துக்கொண்டு தொங்கியது. இவருக்குக் கையும் ஓடவில்லை, காலும் ஓடவில்லை. எத்தனை பேரைத்தான் இறக்குவது?

கால்நடை டாக்டரம்மா குடையும் கையுமாக வந்து, மில்கேட்டைப் புரட்டிப் பார்த்து, ஊதா மருந்து கொடுத்தார். பிறகு கூட்டுக்குள் எட்டிப் பார்த்துவிட்டு இவரைத் திரும்பிப் பார்த்த பார்வை இருக்கிறதே!

“இதுல எத்தனை இருக்குங்க?”

“பதிமூணுங்க.”

“நாலு இருக்கலாம். மிஞ்சிப் போனா அஞ்சு.”

“உக்காரவா?”

“வாழறதுக்குங்க. நீங்க நினைக்கிற மாதிரி இதுங்களுக்குள்ள ரவுடியெல்லாம் கிடையாது. பலம் இல்லாத கோழி விலகிப் போக இடம் வேணும், அவ்வளவுதான். இடம் இல்லன்னா எந்தக் கோழியும் கொத்தும். மேல காத்து போகணும், கீழ காஞ்சிருக்கணும், ஒவ்வொண்ணுக்கும் கட்டையில ஒரு சாண் இடமாவது வேணும். இந்தக் கறுப்பு மறுபடி இதுக்குள்ள போச்சுன்னா ஒரு நாள் தாங்காது.”

டாக்டரம்மா போனபிறகு இருவரும் சமையலறையில் உட்கார்ந்திருந்தார்கள். அவள் மில்கேட்டின் முதுகில் பஞ்சால் மருந்து தடவிக்கொண்டிருந்தாள்.

“பாதிய யாருக்காவது குடுத்துடலாமா?” என்றாள்.

“ஏத்தினவங்களை நடுவழியில இறக்கச் சொல்றியா?”

“அப்படின்னா இருக்கறதுல காஞ்ச இடம் அந்த ஷெட் ஒண்ணுதான்.”

“டிப்போவா? அதை விட்டுட்டு வேற பேசு.”

“வேற என்னத்தைப் பேசறது? நாலு நாளைக்கு ஒரு தடவை ஒண்ணு சாகட்டும்னு விட்டுடலாமா?”

“அது என் வாழ்க்கைம்மா! முப்பத்தோரு வருஷம். நீயும் அந்த பஸ்லதானே வந்தே? எவ்வளவு சந்தோஷமா இருந்தோம்!”

அவள் கை நின்றது.

“நீங்க இருந்தீங்க” என்றாள்.

“என்ன சொல்றே?”

“கல்யாணத்துக்கு முன்னாடி ரெண்டு வருஷம், பின்னாடி பத்து வருஷம் அதுல வந்தேன். ஒரு நாள் உக்காந்ததில்ல. மில்லுல எட்டு மணி நேரம் நிக்கணும். போக முக்கா மணி நேரம், வர முக்கா மணி நேரம் பஸ்ல நிக்கணும். எவன் முழங்கை எங்க இடிக்கும்னு பாத்துப் பாத்து, மூச்சைப் புடிச்சுக்கிட்டு, மூஞ்சியைக் கம்பிப் பக்கம் திருப்பிக்கிட்டு நிப்பேன். உங்க குரல் கேக்கும். இன்னும் ரெண்டு பேர் நிக்கலாம்னு. அந்த ரெண்டு பேரும் என் மேலதான் நிப்பாங்க.”

“நீ ஒரு நாளும் சொல்லலையே...”

“சொல்ற மாதிரியா இருந்தீங்க? பெரியவ வயித்துல ஏழு மாசம். கைத்தடி வச்சிருந்த ஒரு பெரியவர் எழுந்து, ‘நீ உக்காரும்மா’ன்னாரு. அவருக்கே கால் நடுங்குது, நான் எப்படி உக்காருவேன்? நீங்க பாத்தீங்க. என்னையும் பாத்தீங்க, அவரையும் பாத்தீங்க. பாத்துட்டு, ‘உள்ள போங்க’ன்னு கத்திக்கிட்டே முன்னாடி போயிட்டீங்க.”

அவள் குரலை உயர்த்தவில்லை. உயர்த்தியிருந்தால் பதிலுக்குக் கத்தியாவது தப்பித்திருக்கலாம். கோழியைக் கூடையில் வைத்து, துணியை மூடிவிட்டு, உலை வைக்கப் போய்விட்டாள்.

அவர் மழையோடு ஷெட்டுக்குப் போய் தம் சீட்டில் உட்கார்ந்தார். வழக்கமாகக் கிளம்பும் வண்டி அன்றைக்குக் கிளம்பவில்லை. மூன்றாவது கம்பியையே பார்த்துக்கொண்டிருந்தார். அந்தக் கையும், தலைமுடியில் பஞ்சும் நன்றாக நினைவில் இருந்தன. முகம்? அவள் முகம் எந்தப் பக்கம் திரும்பியிருந்தது? எவ்வளவு யோசித்தும் அந்த முகம் வரவில்லை. சமையலறைக் கூடையில் கிடக்கும் கறுப்புக் கோழி, மூலையில் தலையை நுழைத்துக்கொண்டு நின்றதுதான் திரும்பத் திரும்ப வந்தது. பன்னிரண்டு வருடம் அவள் நின்ற இடத்துக்கும் இந்த சீட்டுக்கும் நடுவே நாலடிகூட இல்லை. கண்டக்டருக்கென்று ஒதுக்கிய சீட். அவர் பாதி நேரம் நடந்துகொண்டேதான் இருப்பார், சீட் காலியாகவே கிடக்கும். எழுந்து நின்று ‘உக்காரு’ என்று ஒரு வார்த்தை. ஊர் என்ன சொல்லியிருக்கும்? ஒன்றும் சொல்லியிருக்காது. அதை நினைக்க நினைக்க அவருக்கு அழுகை முட்டிக்கொண்டு வந்தது. அழுதார். தகரக் கூரைமேல் மழை விழுந்த சத்தத்தில் யாருக்கும் கேட்கவில்லை, அதுவரைக்கும் நல்லது.

மறுநாள் காலையில் ஸ்பானரை எடுத்துக்கொண்டு டிப்போவைப் பிரித்தார்.

இரண்டு நாள் வேலை. நட்டு வைத்த நான்கு கம்பிகளையும் கழற்றிப் படுக்கவைத்து, இடுப்பு உயரத்தில் குறுக்கே பொருத்தினார். கோழிக் கால் வழுக்காமல் இருக்கச் சணல் கயிற்றை நெருக்கமாகச் சுற்றினார். பஸ் ஜன்னல்கள் இரண்டையும் கூரைக்குக் கீழே, எதிரெதிர்ச் சுவரில் வைத்தார். காற்று மேலாகவே வந்து மேலாகவே போகும், கோழி மேல் அடிக்காது. தச்சரிடமிருந்து நான்கு மூட்டை காய்ந்த மரச்சீவல் கொண்டுவந்து தரையில் கணுக்கால் உயரத்துக்குப் பரப்பினார். முட்டையிட இருட்டான மூலையில் நான்கு பெட்டிகள். தீனித்தட்டு ஒன்றுக்கு மூன்றாக, ஒன்றை ஒன்று பார்க்க முடியாத இடங்களில். ஷெட் வாசலிலிருந்து எலுமிச்சை மரம் வரை கம்பி வலை அடித்து, பூனையும் கீரியும் தோண்டிக்கொண்டு வராதபடி வலையின் அடியை ஓரடி மண்ணில் புதைத்தார். பழைய கூட்டை விறகாக்கினார். மணிக்கயிற்றையும் நம்பர் பலகையையும் என்ன செய்வது என்று தெரியாமல் கொஞ்ச நேரம் கையில் வைத்துக்கொண்டிருந்துவிட்டு, பலகையை ஷெட் வாசலுக்கு மேலே அடித்தார். ஆசை யாரை விட்டது?

அவள் வாசற்படியில் நின்று பார்த்துக்கொண்டிருந்தாள். இரண்டு தடவை டீ கொண்டுவந்து வைத்தாள்.

மழை விட்டது. கோழிகள் புது இடத்துக்குப் போன முதல் நாலைந்து நாள் கொஞ்சம் சிலுப்பிக்கொண்டன. துரத்தப்பட்ட கோழி ஓடிப்போய்த் தொலைவில் நின்றது. துரத்தியது அலுத்துப்போய் மண்ணைக் கிளற ஆரம்பித்தது. அவ்வளவுதான் சண்டை. கடைசி ஸ்டாப் ஒரு பரமசாது என்பது அப்போதுதான் தெரிந்தது. இவர் அதனிடம் போய், “மன்னிச்சுக்கம்மா” என்று சொன்னதை அவள் ஜன்னல் வழியே கேட்டு வாயைப் பொத்திக்கொண்டு சிரித்தாள்.

மூன்று வாரத்தில் மில்கேட்டுக்குக் குச்சி குச்சியாகப் புது இறகு முளைத்தது. ஒரு மத்தியானம் அதை மற்றவற்றோடு விட்டார்கள். வலைக்கு வெளியே நின்று பார்த்தார்கள். பள்ளிக்கூடம் கழுத்தை நீட்டிக்கொண்டு கிட்டே வந்தது. மில்கேட் நான்கு எட்டு தள்ளிப் போய், எலுமிச்சை மர நிழலில் நின்றுகொண்டது. பள்ளிக்கூடம் வந்த வழியே திரும்பிப் போனது.

அன்று சாயங்காலம் போட்டோ ஸ்டூடியோக்காரர் மறுபடி வந்தார். கக்கத்தில் இரண்டு கோழி.

“அண்ணே, புதுசா பெரிசா கட்டிட்டீங்களாமே! இதுங்களையும் சேத்துக்கங்க. உங்ககிட்ட இல்லாத இடமா?”

உள்ளபோங்க ஷெட்டுக்குள் எட்டிப் பார்த்தார். கோழிகள் கம்பிகளில் ஏறிக்கொண்டிருந்தன. மூன்றாவது கம்பியில் மில்கேட் ஒரு ஓரமாக உட்கார்ந்து, சிறகை விரித்து உதறி, மடித்துக்கொண்டது. பழக்க தோஷம், கண் தானாக அளந்தது. அங்கே இரண்டென்ன, ஏழுகூட நிற்கும்.

“இடம் இல்லப்பா” என்றார்.

வந்தவர் சிரித்தார், விளையாடுகிறார் என்று நினைத்து. “நீங்களா அண்ணே சொல்றீங்க?”

“நான்தான் சொல்றேன். இடம் இல்ல. அடுத்த வண்டியில வரச் சொல்லு.”

அவர் போனதும் உள்ளபோங்க வீட்டுக்குள்ளே போய், கட்டிலுக்கடியில் தள்ளி வைத்திருந்த கண்டக்டர் சீட்டை இழுத்துக்கொண்டு வந்தார். மரத்தடியில், வலையைப் பார்த்த மாதிரி போட்டு, ஆடாமல் இருக்க ஒரு காலுக்கு அடியில் கல் வைத்தார். தோளில் கிடந்த துண்டால் துடைத்தார். அவள் தண்ணீர்ச் சட்டியைக் கழுவிக்கொண்டிருந்தாள்.

“இங்க வா.”

“என்னங்க?”

“உக்காரு.”

அவள் சீட்டைப் பார்த்தாள், அவரைப் பார்த்தாள். ஈரக்கையைப் புடவையில் துடைத்துக்கொண்டாள்.

“டிக்கெட் எடுக்கணுமா?” என்று கேட்டாள்.

அவர் தலையை மட்டும் ஆட்டினார், வேண்டாம் என்று. அவள் மெதுவாக உட்கார்ந்தாள். அவள் தலைமுடியில் ஒரு சின்ன வெள்ளை இறகு ஒட்டியிருந்தது. அவர் கையை நீட்டி அதை எடுத்தார். பிறகு வலைக்கு நட்ட கம்பத்தைப் பிடித்துக்கொண்டு நின்றார்.

கொஞ்ச நேரம் கழித்து அவள் ஒரு ஓரமாக நகர்ந்தாள். “நீங்களும் வாங்க. எவ்வளவு நேரம் நிப்பீங்க? ரெண்டு பேர் உக்காரலாம்.”

“முடியாது” என்றார் அவர். “அது ஒருத்தர் சீட். நீ நல்லா சாஞ்சு உக்காரு.”

அவள் சாய்ந்து உட்கார்ந்தாள். கோழிகள் எல்லாம் ஏறி அடங்கும் வரை அவர் நின்றுகொண்டே இருந்தார்.